மூன்றாமிடம் பெற்றவர்



போட்டியில் முதற்பரிசு பெறாதவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகி மிராண்டா லாம்பர்ட்டின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ரெக்சாஸில் 1983இல் பிறந்த அவர், கிற்றார் வாசித்துப் பாட்டெழுதும் தந்தையாரின் இல்லத்தில் வளர்ந்தார். இளமையில் நாஷ்வில் நகருக்கு ஒலிப்பதிவுக்குச் சென்றபோது, தம் மனத்துக்கு ஒவ்வாத பாடல்களே கிடைத்தன. வீடு திரும்பினார், தந்தையாரிடம் கிற்றார் பயின்று, தாமே பாட்டெழுதலானார். 2003இல் 'நாஷ்வில் ஸ்டார்' தொலைக்காட்சிப் போட்டியில் மூன்றாமிடமே பெற்றார். எனினும், 2005இல் வெளிவந்த அவரது 'கெரோசின்' இசைத்தட்டு அத்துறை விற்பனை வரிசையில் முதலிடம் அடைந்தது. அதிலுள்ள பாடல்களிற் பெரும்பாலானவற்றைத் தனித்தும் பிறரோடு சேர்ந்தும் அவரே எழுதியிருந்தார்.

மேடை அவரை அறிமுகஞ் செய்தது. வீட்டிற் கற்ற வித்தையே நிலைநிறுத்தியது. ஆகவே, நம் பிள்ளைகளிடம் பரிசை வினவுமுன், பயின்றதை வினவுவோமாக.