நீரிழிவும் நம் உணவு நெறியும்

(தசலட்சணப் பருவத்தையொட்டி ஆற்றிய உரை)



"புலாலை மறுத்தோம், கிழங்கையும் விலக்கினோம், நமக்கு ஏன் நீரிழிவு வருகிறது?" என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. பரம்பரை, உடற்பருமன், உழைப்புக் குறைவு எனக் காரணங்கள் பலவாயினும், ஒரு காரணம் நம் இலையிலேயே இருக்கிறது. இலையின் பெரும்பகுதியைத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு நிரப்புகிறது; கறியும் பருப்பும் ஓரத்தில் ஒதுங்குகின்றன. சோற்றின் மாவுச்சத்து செரித்துச் சர்க்கரையாகவே குருதியில் சேர்கிறது. கொல்லாமை நம் உணவைத் தூய்மையாக்கியது. அதன் அளவை நாம்தான் காக்க வேண்டும்.

அளவுக்கும் நம் அறநூல் வழி வகுத்துள்ளது. தத்துவார்த்த சூத்திரம் கூறும் புறத்தவங்கள் ஆறனுள், முதலாவது உண்ணா நோன்பாகிய அனசனம். இரண்டாவது, வயிறு நிறையுமுன் நிறுத்தும் அவமோதரியம். நான்காவது, சுவைப் பொருள்களைத் துறக்கும் ரசபரித்தியாகம். துறத்தற்குரிய அச்சுவைப் பொருள்களுள் இனிப்பும் ஒன்று. இவை வினை உதிர்தற்பொருட்டு விதிக்கப்பட்டவை, மருந்தாக அன்று. எனினும் நீரிழிவுடையார்க்கு இவற்றுள் பின்னிரண்டும் பெருந்துணையாகும்.

இலையில் பாதியை அவரை, வெண்டை, புடலை, பாகல் போன்ற காய்களுக்கும், கால் பங்கைப் பருப்பு, பயறுகளுக்கும் அளியுங்கள். சோறோ களியோ எஞ்சிய கால் பங்கே. காயையும் பருப்பையும் முன்னர் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை விரைந்து ஏறாது. கேழ்வரகாயினும் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைவில் உயரும். உண்டபின் 15 நிமிடம் நடப்பது நன்று.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்பது நம் மரபு. "இரவு உணவுக்கு முன்" என்று மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையையோ இன்சுலினையோ, மாலை 5.30 மணிக்கே உண்டுவிட்ட ஒருவர் இரவு 8 மணிக்கு எடுத்துக்கொண்டால், மருந்து மட்டும் வேலை செய்யும். அதற்கு ஈடாக உணவு இராது. நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். ஆகவே நாம் உண்ணும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

உபவாச நாளிலும் இவ்வாறே. இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் உண்ணாதிருக்கும் வேளையில் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தீங்கே. பருவம் தொடங்குமுன்பே மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினாலோ, சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலோ, உடனே 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

"நோன்பு முறிந்துவிடுமே" என்று எண்ணி, தம் துன்பத்தை வெளியில் சொல்லாத மூத்தோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். தீர்த்தங்கரத்துவத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள், தியாகமும் தவமும் ஆற்றலுக்கேற்பவே இயற்றத்தக்கன என்று சொல்லப்பட்டுள்ளன. முழு உபவாசம் இயலாதவர் இப்பத்து நாளும் இனிப்பைத் துறக்கலாம், அரைவயிற்றோடு எழலாம். பருவம் முடிந்த பின்னும் அதைத் தொடர்ந்தால், அதுவும் தவமே. இல்லத்தில் உள்ள இளையோர், பாரணைக்கு இனிப்பு சமைக்குமுன் பெரியவர்களின் சர்க்கரை அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.