கூலி உயர்வும் பட்டுவாடா நாளும்

(மாணவர்களும் அலுவலர்களும் பங்குபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குறைந்தபட்சக் கூலியைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் தொகையைப் பற்றியே பேசுகிறோம். அத்தொகை எந்நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, எந்நாளில் தொழிலாளியின் கைக்கு வருகிறது, அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் மூன்று வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. ஏஜென்சிகள் மூலம் பணியமர்த்தப்படுவோருக்கு இவை மூன்றும் தொகையளவுக்கே முக்கியமானவை.

இவ்வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரலில் தனி மாவட்டமான திருப்பதியிலும் விடுதித் துப்புரவு, காவல், சுமை ஏற்றி இறக்கல், தோத்தாபுரி மாம்பழக்கூழ் ஆலைகளின் பருவகால வேலை முதலியவற்றில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் ஈடுபட்டுள்ளனர். திருப்பதி ரயில் நிலையத்தைத் துப்புரவு செய்பவருக்கு மத்திய அரசு நிர்ணயித்த விகிதம் உரியது. எதிர்த்தெரு விடுதியில் அதே வேலையைச் செய்பவருக்கு மாநில அரசின் விகிதம் உரியது. எனவே தமக்கு உரிய விகிதம் எது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடிப்படை விகிதத்தை ஐந்தாண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பது சட்டம். இடைக்காலத்தில் விலைவாசியை ஈடுசெய்ய, ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் மாறும் பஞ்சப்படி திருத்தப்படுகிறது. இவ்வாறு மத்திய அரசுத் துறைப் பணிகளில், 'ஏ' பிரிவு நகரங்களின் துப்புரவுத் தொழிலாளிக்கு 2024 அக்டோபர் 1 முதல் நாளொன்றுக்கு ரூ. 783 என நிர்ணயிக்கப்பட்டது. 26 நாட்களுக்கு அது ரூ. 20,358 ஆகும்.

இங்குதான் சம்பளக் காலம் என்னும் சிக்கல் எழுகிறது. ஏஜென்சி ஒன்று மாதத்தின் 21ஆம் தேதி முதல் அடுத்த மாதத்தின் 20ஆம் தேதி வரை கணக்கிடுவதாகக் கொள்வோம். உயர்வு அக்டோபர் 1 அன்று அமலுக்கு வருகிறது. ஏஜென்சியோ, சம்பளக் காலம் பழைய விகிதத்தில் தொடங்கியது என்று கூறி, அக்டோபர் 20 வரை பழைய கூலியையே தருகிறது. உயர்வு நாளொன்றுக்கு ரூ. 15 எனவும், அவ்விருபது நாட்களில் வேலைநாட்கள் 17 எனவும் கொண்டால், ஒருவருக்கு இழப்பு ரூ. 255, இருநூறு பேருக்கு ரூ. 51,000. பிரிட்டனில் புதிய விகிதம், அது அமலாகும் நாளிலோ அதற்குப் பின்னரோ தொடங்கும் சம்பளக் காலத்திற்கே பொருந்தும். நம் நாட்டு அறிவிக்கையோ ஒரு தேதியைக் குறிக்கிறது; அத்தேதி முதல் ஒவ்வொரு நாள் வேலைக்கும் புதிய விகிதம் தரப்படல் வேண்டும். ஒப்பந்தப்புள்ளி பழைய விகிதத்தில் அளிக்கப்பட்டது என்பது இதற்குத் தக்க விடையாகாது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கையில் முதலாளியின் கொடுக்கும் திறனைக் கருதவேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே உன்னிச்சோயி வழக்கில் தெளிவாக்கியுள்ளது.

அடுத்தது பட்டுவாடா நாள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வின்போது, கூலி உயர்ந்ததா என்று ஒரு துப்புரவுப் பெண்மணியிடம் வினவினேன். உயர்ந்ததை அவர் மறுக்கவில்லை. எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் சொல்லுங்கள், மளிகைக் கடைக்காரருக்குத் தவணை சொல்லவேண்டும் என்றார். தாமதமாகும் கூலி, தொழிலாளி தம் முதலாளிக்கு அளிக்கும் வட்டியில்லாக் கடனேயாகும். அக்கடனை ஈடுகட்ட அவர் வட்டிக்கு வாங்கவேண்டியுள்ளது.

1936ஆம் ஆண்டின் கூலிப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனங்களில் ஏழாம் நாளுக்குள்ளும், மற்றவற்றில் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி தரவேண்டும் என்றது. ஆனால் குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கே அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் கூலித் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது. நாட்கூலியை வேலைமுறை முடிந்ததும், வாரக்கூலியை விடுமுறைக்கு முந்திய வேலைநாளிலும், மாதக்கூலியை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும் அளிக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் தாமே விலகியவருக்கும் இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் மாம்பழக்கூழ் ஆலைத் தொழிலாளர் இவ்விதியை அறிந்திருத்தல் மிக அவசியம்.

மூன்றாவது, பொறுப்பு. 1982இல் ஆசிய விளையாட்டுப் பணிகள் குறித்த வழக்கில், நாளொன்றுக்கு ரூ. 9.25 கூலியில் மேஸ்திரிகள் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டது வெளிவந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகத் தந்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், இன்று அதனிடத்தில் உள்ள சட்டத் தொகுப்பும், ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளியே தந்துவிட்டு, பின்னர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. பட்டியல் தொகை வரவில்லை என்னும் ஏஜென்சியின் வாதம் தொழிலாளியைக் கட்டுப்படுத்தாது. ஆந்திரப் பிரதேச அரசு தன் துறைகளில் இடைத்தரகரைத் தவிர்க்கும் நோக்குடன் 2020 ஜூலையில் ஒரு தனிக் கழகத்தைத் தொடங்கியதும் இக்குறையை உணர்ந்தே எனலாம்.

அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒப்பந்தப் பத்திரத்திலேயே கூலித் திருத்தத்திற்கு இடம் வையுங்கள். சம்பளக் காலத்தை நாட்காட்டி மாதத்துடன் பொருத்துங்கள். கூலிச்சீட்டில் விகிதம், அது அமலான தேதி, வேலைநாட்கள் ஆகிய மூன்றும் தொழிலாளி அறிந்த மொழியில் இடம்பெறச் செய்யுங்கள். மாணவர்கள் கூலியைப் பற்றி ஆராயும்போது, அறிவிக்கப்பட்ட விகிதத்துடன் நின்றுவிடாமல், அது கைக்கு வந்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தேதி இல்லாத ஆய்வு அரைகுறையானதே ஆகும்.