ஆங்கில இலக்கியக் கல்வியும் அறிவியற் கருவிகளும்

(பூம்புகாரில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தொடங்கிய நாளில் நம்மிடம் இருந்த கல்விச் செல்வம் ஒரு கரும்பலகையும், அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதியுமே ஆகும். பகலெல்லாம் நடவு வயலில் நின்ற கைகள் மாலையில் அந்த அகராதியைப் புரட்டின. இன்றோ, நம் இளைஞர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு நூலகம் இருக்கிறது. கைப்பேசி என்று அதற்குப் பெயர். கருவி வந்துவிட்டது; ஆனால் அக்கருவியால் கல்வி வளர்ந்ததா? குறிப்பாக, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அது பயன்பட்டதா? இவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

புதிய கருவியைக் கைக்கொள்வது நமக்குப் புதிதன்று. 1893-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாக எறியப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டு நிமிர்ந்து நின்றார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அச்சு இயந்திரம் அக்காலத்தின் அறிவியற் கருவி. எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்கள், எழுத்தைப் பெருக்கும் இயந்திரத்தையே கைக்கொண்டார்கள். நாம் அந்த மரபின் பிள்ளைகள். ஆகவே, கணினியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் நாம் வேடிக்கை பார்ப்பவராக இருத்தல் தகாது.

முதலில் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் உள்ள தடையைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால், நம் வீட்டுப் பிள்ளை எழுந்து நிற்கத் தயங்குகிறான். அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. உச்சரிப்பு பிழையானால் சிரிப்பார்களே என்னும் நாணமே காரணம். அந்த நாணத்தை நம்மிற் பலரும் அனுபவித்திருக்கிறோம். அத்தகைய பிள்ளைக்கு நாங்கள் முதலில் கேட்கச் செய்வது ஓர் ஒலிப்பதிவு. 1955-இல் அண்ணல் அம்பேத்கர் பி.பி.சி.க்கு அளித்த ஆங்கிலப் பேட்டி இன்றும் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. அது இங்கிலாந்துக்காரரின் ஒலிப்பு அன்று. இந்நாட்டு மனிதரின் ஒலிப்பே. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் உறுதியோடு வருகிறது. பேச்சின் மதிப்பு நாவின் வளைவில் இல்லை, கருத்தின் தெளிவில் இருக்கிறது என்பதை எந்த ஆசிரியரின் அறிவுரையையும்விட அந்தக் குரல் விரைவில் உணர்த்துகிறது. அப்பதிவின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், நிறுத்திக் கேட்கலாம், நூறுமுறை கேட்டாலும் கருவி முகம் சுளிப்பதில்லை.

அடுத்து, அவர் எழுத்துக்கு வருவோம். 1936-இல் லாகூரில் நடைபெறவிருந்த மாநாட்டிற்காக அண்ணல் ஆங்கிலத்தில் ஓர் உரை எழுதினார். உரையின் கருத்துகளை ஏற்க இயலாமல் அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட்டனர். பேசப்படாத அந்த உரையை அவரே நூலாக அச்சிட்டார். அதுவே ‘சாதி ஒழிப்பு’ என்னும் பெருநூல். அவர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம், அந்நூலை விளக்கக் குறிப்புகளோடு இணையத்தில் ஒரு பாடப்பதிப்பாக வெளியிட்டது. அதைத் தொகுத்தவர் அங்குப் பேராசிரியராக இருந்த பிரான்செஸ் பிரிட்செட். கடினமான சொல்லுக்கு விளக்கம், சுட்டப்படும் மனிதர் யார் என்னும் செய்தி ஆகியவை மூலத்தின் அருகிலேயே கிடைக்கின்றன. ஓர் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக் கடக்க ஒருநாள் ஆன காலத்தை நினைத்துப் பாருங்கள்! மேடை மறுக்கப்பட்ட ஓர் உரை, இன்று பூம்புகாரில் மீன்வலை காயும் முற்றத்திலும் படிக்கப்படக்கூடும் என்றால், கருவியின் பெருமை அதில்தான் இருக்கிறது.

நாம் நிற்கும் இவ்வூரையும் எண்ணிப் பார்ப்போம். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய காவிரிப்பூம்பட்டினம் இது. 1973-இல் எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் நம் கண்முன் நிற்கிறது. சிலம்பை வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் 1939-இலும், பிரெஞ்சு அறிஞர் அலேன் தானியேலு 1965-இலும், ஆர். பார்த்தசாரதி 1993-இலும் ஆங்கிலத்தில் தந்தனர். பத்துப்பாட்டை யாழ்ப்பாணத்து ஜே. வி. செல்லையா 1946-இல் பெயர்த்தார். தமிழ் மூலங்களை 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் விலையின்றி வழங்குகிறது. மூலத்தை ஒருபுறமும் மொழிபெயர்ப்பை மறுபுறமும் திரையில் வைத்துப் படித்தால், ஆங்கில வகுப்பு நம் சொந்த ஊரிலேயே தொடங்கிவிடும்.

இதில் ஒரு சொல்லைச் சான்றாகக் காட்டுவோம். நம் மாலைப் பள்ளியில் ஒரு மாணவி ‘சேரி’ என்னும் சொல்லை மொழிபெயர்ப்புப் பொறியில் இட்டாள். ‘ஸ்லம்’ என்று விடை வந்தது. அழுக்கும் நெரிசலும் நிறைந்த குடிசைப்பகுதி என்பது அதன் பொருள். அவள் முகம் வாடியது. அப்போது நாங்கள் அதே கருவியில் பழைய நூல்களைத் திறந்து அச்சொல்லைத் தேடச் சொன்னோம். குறுந்தொகையில் ஒரு தலைவி தன் தெருவையே சேரி என்கிறாள். பட்டினப்பாலை இந்நகரத்துப் பரதவர் வாழ்ந்த புறச்சேரியைக் காட்டுகிறது. சிலம்பில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்று ஒரு காதையே உள்ளது. மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் தங்கிய இடம் அது. சேர்ந்து வாழும் இடம் சேரி. இழிவு அச்சொல்லில் பிறக்கவில்லை. பின்னர் வந்த சமுதாயம் அதன்மேல் ஏற்றியது. இதை அம்மாணவி தானே தேடிக் கண்டாள். பொறி தந்த ஒற்றைச் சொல்லைத் திருத்தி, ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரையும் எழுதினாள். இலக்கியக் கல்வி என்பது இதுதான்.

நம்மவர் எழுத்தும் இன்று ஆங்கில வகுப்பில் இடம்பெற்றுள்ளது. 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் 2000-இல் ஆங்கில நூலாயிற்று. பனைமட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும் என்பதை நகரத்து மாணவர் அடிக்குறிப்பால் அறிவர். நம் பிள்ளை தன் உள்ளங்கைத் தழும்பால் அறிவாள். அந்த வகுப்பில் அவள் கடைசி இருக்கைக்கு உரியவள் அல்லள். விளக்கம் சொல்லும் உரையாசிரியர் அவளே. பனையை நிழற்படம் எடுத்து, ஊர்ச்சொற்களைத் தன் குரலில் பதிந்து, வகுப்பின் முன் வைக்கட்டும்.

இன்னொன்றையும் நெஞ்சில் நிறுத்துவோம். 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய மக்களின் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். அக்கொடுமையை மையமாகக் கொண்டு மீனா கந்தசாமி 2014-இல் ஆங்கிலத்திலேயே ஒரு நாவல் எழுதினார். அதைப் படிக்கும் மாணவர், அதே காலத்தில் இவ்வட்டார வயல்களில் உழைத்த தம் பாட்டன் பாட்டியரின் நினைவுகளை, அவர்தம் இசைவு பெற்று, கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். பின்னர் அதை எழுத்தாக்கி, ஆங்கிலத்தில் பெயர்த்து, நாவலோடு ஒப்பிட வேண்டும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்களோடு மறையும் பக்கங்களை எந்த நூலகத்திலிருந்தும் மீட்க இயலாது.

இனி எச்சரிக்கைகள். கேட்ட மாத்திரத்தில் ஆங்கிலக் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துவிட்டன. ஐயம் கேட்கவும், எழுதியதைச் சரிபார்க்கவும் அவற்றை நாடலாம். ஆனால், கட்டுரையையே பொறியிடம் ஒப்படைப்பவன் மதிப்பெண் பெறலாம், குரலைப் பெறமாட்டான். நமக்காகப் பிறர் பேசியது போதும் என்றுதான் நம் முன்னோர் எழுதுகோலை எடுத்தனர். அதை இயந்திரத்திடம் கொடுத்துவிடாதீர்கள். அண்ணல் சொல்லாதவற்றை அவர் சொன்னதாகப் பரப்பும் வாசகங்களும் இணையத்தில் உலவுகின்றன. 1979 முதல் மராட்டிய அரசு வெளியிட்டுவரும் அவருடைய நூல்தொகுதிகளில் சரிபார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

கருவி எல்லார்க்கும் எட்டுகிறதா என்பதே கடைசி வினா. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது முதலில் மகனிடம் சென்றது. மகளுக்குக் கிடைக்கையில் மின்னூட்டமும் தீர்ந்திருந்தது. இதை நம் வீடுகளிலேயே கண்டோம். ஆகவே, இவ்வெள்ளிவிழா நினைவாக மூன்று செயல்களை முன்மொழிகிறோம். கழகப் படிப்பகத்தில் ஒரு கணினியும் ஒலிபெருக்கியும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். வாரம் ஒரு மாலை ஒரு பத்தியைக் கேட்டு, உரக்கப் படித்து, விவாதித்து, எழுத வேண்டும். அந்தக் கணினியின் முதல் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கே உரியதாக வேண்டும்.

இளைஞர்களே! பழைய அகராதி இன்னும் நம் படிப்பகத்தில் இருக்கிறது. அதன் ஓரங்களில் முதல் தலைமுறையின் விரல் அழுக்குப் படிந்திருக்கிறது. அதைப் பெருமையோடு காத்துவருகிறோம். நாளை பொன்விழாவில், நீங்கள் பதிந்த குரல்களையும் நீங்கள் எழுதிய ஆங்கில நூல்களையும் அதன் அருகில் கொண்டுவந்து வையுங்கள்.

கற்போம், கற்பிப்போம்.