நேரத்துக்குச் சாப்பாடு, நாற்காலியில் பயிற்சி



இன்றைய பேச்சு சர்க்கரை நோய் பற்றியது. இதை நீரிழிவு என்றும் சொல்வார்கள். 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று அது கணக்கிட்டது.

"அளவாகச் சாப்பிடு, தினமும் நட" என்று டாக்டர் சொல்வார். நடக்க முடியாதவர் என்ன செய்வது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் கோலார் தங்கவயல். தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளர்கள் பல தலைமுறையாக வாழும் ஊர். 2001-இல் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனாலும் பல குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன.

அங்கே ஒரு லைன் வீடு. அதில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். பெரியவருக்கு 68 வயது. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாக்கர் பிடித்துத்தான் நான்கு அடி வைப்பார். பகல் முழுவதும் நாற்காலிதான். பத்து வருடமாகச் சர்க்கரை நோய் வேறு. அந்த அம்மாவுக்கு 60 வயது. எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்றவர்.

ஒரு சனிக்கிழமை

அது புரட்டாசி மாதம். சனிக்கிழமை விரதம். பெரியவர் வழக்கம்போலக் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டார். சாப்பிடவில்லை. பூசை முடிந்த பிறகுதான் சாப்பாடு.

மணி 11 ஆயிற்று. பெரியவரின் சட்டை வியர்வையில் நனைந்தது. கை நடுங்கியது.

"என்னங்க, ஃபேன் போடட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

பெரியவர் ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. விரதக் களைப்பு என்று அம்மா நினைத்தார். படுக்க வைக்கப் பாயை விரித்தார்.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். உடனே ஓடி வந்தாள்.

"அக்கா, படுக்க வைக்காதீங்க. இவருக்குச் சர்க்கரை இறங்குது. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. சீக்கிரம் சர்க்கரைத் தண்ணி குடுங்க."

"சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரையா?" அம்மாவுக்குப் பயம்.

"இப்பக் குடுத்தாத்தான் பிழைப்பாரு அக்கா."

அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்தார்கள். பெரியவர் மெதுவாகக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. "மணி என்னம்மா?" என்று கேட்டார். அதன் பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

என்ன நடந்தது? மாத்திரை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்கும். சாப்பாடு அதை ஏற்றும். இரண்டும் சேர்ந்து வர வேண்டும். சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் வேலை செய்யும்போது வயிறு காலியாக இருந்தால், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து.

இதை நினைவில் வையுங்கள்:

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல். இவை சர்க்கரை இறங்கும் அடையாளங்கள்.

உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள்.

தெளிந்த பிறகு சாப்பாடு கொடுங்கள்.

மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

நோட்டுப் புத்தகம்

திங்கட்கிழமை இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்சம்மா ஒரு யோசனை சொன்னார். "மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் எழுதி வைங்கம்மா. விரதம் இருக்கணும்னா முன்னாடியே டாக்டரைக் கேளுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க."

சில மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால். சில மாத்திரை சாப்பாட்டோடு. எது எப்போது என்று அம்மா கேட்டு எழுதிக்கொண்டார். மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதியையும் படித்துப் பார்த்தார். வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கினார்.

"இந்த வயசில் நோட்டா?" என்று பெரியவர் சிரித்தார்.

அம்மா பதில் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் தேதி எழுதினார்.

சாப்பாடு

பெரியவருக்குக் கேழ்வரகுக் களி என்றால் உயிர். "கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது" என்று இரண்டு பெரிய உருண்டை சாப்பிடுவார். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் அதுவும் வயிற்றில் சர்க்கரையாக மாறும். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

பஞ்சாபில் கோதுமை ரொட்டி. மகாராஷ்டிரத்தில் சோள ரொட்டி. வங்காளத்தில் சோறும் மீனும். ஊருக்கு ஊர் தானியம் வேறு. கணக்கு ஒன்றுதான். அளவு முக்கியம்.

தட்டை மனதுக்குள் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு காய்கறியும் கீரையும். ஒரு பங்கு பருப்பு, மொச்சை, முட்டை, மீன் இவற்றில் ஒன்று. மீதி ஒரு பங்குதான் களியோ சோறோ ரொட்டியோ. உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் காய்க் கணக்கில் வராது. சோற்றுக் கணக்கில்தான் வரும்.

வெல்லமும் தேனும் சர்க்கரையைப் போலவே ஏற்றும். அவற்றை "நாட்டு மருந்து" என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

அந்த வீட்டில் இப்போது இப்படித்தான். காலை 8 மணிக்கு இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார். 11 மணிக்கு மோரும் ஒரு கைப்பிடி சுண்டலும். மதியம் 1 மணிக்கு ஒரு சிறிய களி உருண்டை, கீரை, மொச்சைக் குழம்பு, பொரியல். 4 மணிக்குச் சர்க்கரை இல்லாத டீ. இரவு 7.30-க்கு இரண்டு சப்பாத்தி, காய்க்கூட்டு. பட்டினி இல்லை. விருந்தும் இல்லை.

நாற்காலியில் பயிற்சி

நம் உடம்பில் சர்க்கரையை எரிக்கும் அடுப்பு தசைதான். கால் நடக்காவிட்டாலும் கையிலும் தொடையிலும் தசை இருக்கிறது. அதை அசைத்தால் போதும், சர்க்கரை செலவாகும்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நேராக உட்காருங்கள்.

ஒரு காலை மெதுவாக முன்னால் நீட்டுங்கள். ஐந்து எண்ணுங்கள். இறக்குங்கள். அடுத்த கால்.

குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பாதத்தை வட்டமாகச் சுற்றுங்கள்.

இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய சிறிய பாட்டில். மேலே தூக்கி இறக்குங்கள்.

ஒவ்வொன்றும் பத்து முறை. சாப்பிட்ட கொஞ்ச நேரம் கழித்துச் செய்தால் மிகவும் நல்லது. வலி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிடுங்கள். எந்தப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும். அரை மணிக்கு ஒரு முறை இடம் மாறி உட்காருங்கள்.

பாதம்

சர்க்கரை நோய் நாளடைவில் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். முள் குத்தினாலும் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது. கவனிக்காத சிறு புண் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும்.

பெரியவரால் குனிய முடியாது. அதனால் தினமும் இரவு தரையில் ஒரு சிறிய கண்ணாடி வைப்பார்கள். அதில் அவரே பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். விரல் இடுக்கை அம்மா பார்ப்பார். கழுவி, ஈரம் இல்லாமல் துடைப்பார். வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு உண்டு. புண்ணோ கொப்புளமோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.

அடுத்த புரட்டாசி

ஒரு வருடம் ஆயிற்று. நோட்டில் பாதி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதை எடுத்துப் போகிறார்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரை அளவைத் திருத்தினார்.

மறுபடி புரட்டாசி வந்தது. சனிக்கிழமை காலை. அம்மா தயங்கி நின்றார். பெரியவர் தானே தட்டை இழுத்துக்கொண்டார்.

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. இட்லி வை" என்றார். சாப்பிட்டு முடித்ததும், "நோட்டில் எழுதிட்டியா?" என்று கேட்டார்.

அன்பானவர்களே! உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோய் உள்ளவர் இருக்கலாம். இன்று இரவே ஒரு தாளை எடுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். சுவரில் ஒட்டுங்கள். 30 வயது தாண்டியவர்கள் அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கற்ற எழுத்து கையில் இருக்கிறது. அது வீட்டில் ஓர் உயிரைக் காக்கட்டும்.