பிடித்துக்கொண்ட மூட்டும் பழைய பிக்கப்பும்

(ஈப்போவில் கூடிய கிளைத் தோழர்கள் முன் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கிராணிமார் வண்டி மூட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். விடியுமுன் பிரட்டு முடிந்ததும் நம்மை வெளிக்காட்டுக்குக் கொண்டுபோவது ஒரு பழைய பிக்கப். பால் பீப்பாய்களைக் கொட்டகைக்குத் தூக்கி வருவதும் அதுவே. அதன் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு சிறிய மூட்டு தீர்மானிக்கிறது. அது கழன்றால் ஸ்டீயரிங் ஓட்டுநர் கையில் இருக்கும். சக்கரம் தன் இஷ்டப்படி போகும். ஆகவே இதுவும் தொழிலாளர் விஷயந்தான்.

பட்டறையில் இதற்குப் பால் ஜாயிண்ட் என்று பெயர். நாம் வெட்டும் பாலுக்கும் இதற்கும் உறவு கிடையாது. பந்து மூட்டு என்பதே பொருள். தண்டின் ஒரு முனையில் உருண்டைத் தலை. அது கிண்ணத்துக்குள் கிரீஸில் சுழல்கிறது. மறுமுனை நுனி நோக்கிச் சிறுத்துப்போகும். அதே சரிவில் கடைந்த துளைக்குள் அதை நுழைத்து நட்டை முடுக்கினால், கோடரிக் கணையில் அடித்த ஆப்பைப்போல் இறுகிக்கொள்ளும். நட்டைக் கழற்றிய பிறகும் தண்டு அசைய மறுப்பதன் காரணம் இதுவே. அதற்கு மேல் நம் செம்மண் சேறு, மழைத் துரு, பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் வழியில் சிந்தியது எல்லாம் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

நம் தோழர்கள் செய்யும் முதல் தவறு, தண்டின் நுனியிலேயே சுத்தியலை ஓங்குவது. மரையிருக்கும் நுனி காளான்போல் விரிந்துவிடும். பிறகு நட்டும் ஏறாது, தண்டும் துளைவழி வராது. இரண்டாவது, கவட்டை இரும்பைச் செருகி அடிப்பது. மூட்டு பிரியும், ஆனால் ரப்பர் உறை கிழியும். கிழிந்த உறைக்குள் சேறு புகுந்தால் கிரீஸ் போய் உருண்டை தேயத் தொடங்கும். மூட்டைத் தூக்கியெறிந்து புதிது போடுவதானால் மட்டும் கவட்டையைத் தொடலாம். தீ வைத்துச் சுடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உறை எரியும், கிரீஸ் எரியும், பக்கத்தில் பிரேக் குழாயும் உண்டு.

சரியான வழிக்குப் பொறுமைதான் வேண்டும். முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் சேற்றைத் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கி, நட்டைச் சில சுற்று இளக்குங்கள், முழுதும் கழற்றக்கூடாது. பிறகு தண்டை விட்டுவிட்டு, தண்டு நுழைந்திருக்கும் இரும்புக் கையின் கண்ணைப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்தில் கனத்த சுத்தியலை ஒட்டிப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுத்தியலால் இரண்டு மூன்று அடி அடிக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் கண் ஒரு கணம் உருமாறி ஆப்பை விட்டுவிடும். ‘டக்’ என்று இறங்கும் ஓசையைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனிமை என்று தெரியும்! அதற்கும் மசியாவிட்டால் புல்லரை மாட்டி முடுக்கி, அந்த இறுக்கத்திலேயே கண்ணை மீண்டும் தட்டுங்கள்.

டை ராட் முனையைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வையுங்கள்; புதியதை அதே அளவு ஏற்றினால் சக்கர நேர்மை ஓரளவு காக்கப்படும். பூட்டும்போது பின் துளை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்தக்கூடாது. முன்னால் முடுக்கியே துளையைச் சேர்க்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது கஞ்சத்தனம்.

சக்கரத்தைத் தாங்கும் மேல், கீழ் மூட்டுகள் வேறு சங்கதி. அங்கே சுருள்வில்லோ முறுக்குத் தண்டோ பெரும் பலத்தை அடக்கி நிற்கிறது. எந்தக் கையில் அதன் பாரம் இருக்கிறது என்று தெரிந்து, அதைத் தாங்கவோ இளக்கவோ செய்யாமல் கழற்றினால் இரும்புக் கை எகிறி மனிதக் கையை முறிக்கும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும்.

இப்போது நம் குறையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்தில் ஓட்டுநர் “ஸ்டீயரிங் ஆடுகிறது கிராணி ஐயா” என்று இரண்டு முறை வந்து சொன்னார். இரண்டு முறையும் புத்தகத்தில் எழுதினோம். மூன்றாம் முறை செக்ரோல் முடிக்கும் அவசரத்தில் “நாளைக்கு வா” என்று அனுப்பிவிட்டோம். மறுநாள் வண்டி கால்வாயில் இறங்கியது. பால்வெட்டும் சகோதரி ஒருவரின் மணிக்கட்டு முறிந்தது. நிர்வாகம் ஓட்டுநருக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. பட்டறையிலோ புல்லர் கிடையாது. மூட்டு மாற்ற முயன்று முடியாமல் அப்படியே முடுக்கி அனுப்பியிருந்தார்கள். புத்தகத்திலிருந்த அந்த இரண்டு வரிகள்தாம் ஓட்டுநரைக் காப்பாற்றின. எழுதாத மூன்றாவது வரி இன்னும் நம்மை உறுத்துகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணமிருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை 26A பிரிவு தருகிறது. “வண்டியில் ஏறமாட்டோம்” என்று சொல்வது அடங்காமை அல்ல. ஆனால் முதலில் அறிவியுங்கள், எழுத்தில் அறிவியுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் கிராணி எழுத வேண்டும், தேதியும் நேரமும் போட்டு.

கடைசியாக ஒன்று. நம் கிளைப் பணத்தில் புல்லர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். தேவைப்படும் தோட்டத்தார் கையெழுத்திட்டு எடுத்துப்போகலாம். திருப்பித் தரும்போது சேற்றைத் துடைத்து, திருகு மரைக்கு எண்ணெய் போட்டுத் தாருங்கள்.