சிக் சாக்லேட்டும் அவர் வாத்தியக் குழுவும்



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மாலை வேளை காப்பித்தூள் வாங்க நின்றிருந்தோம். கடையிலிருந்த வானொலிப் பெட்டியில் 1951ஆம் ஆண்டு வெளிவந்த 'அல்பேலா' என்னும் இந்திப் படத்தின் பாட்டொன்று ஒலித்தது. கடைக்காரர் எண்பதைக் கடந்த நாஞ்சில் நாட்டுப் பெரியவர். "இது நம்ம 'நல்ல பிள்ளை' மெட்டு அல்லவா?" என்றார். ஆம், அல்பேலாவே 1953இல் அப்பெயரோடு தமிழ் பேசியது. இசை யாருடையது என்றதற்கு, "சி. ராமச்சந்திரா" என்று தயங்காது சொன்னார். "இடையே டிரம்பெட் ஊதுகிறாரே, அவர் யார், அண்ணாச்சி?" என்றோம். அதற்கு விடை கிடைக்கவில்லை.

அன்னார் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். மேடையில் சிக் சாக்லேட். 1916இல் கோவாவில் அல்தோனா என்னும் ஊரில் பிறந்தவர். அன்று கோவா போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. ஊர்தோறும் மாதா கோயிலைச் சார்ந்த பள்ளிகளில் ஏழைச் சிறுவருங்கூட மேனாட்டு இசைக் குறியீட்டை எழுதவும் படிக்கவும் கற்றனர். மகன் இயந்திரத் தொழில் கற்று மதிப்பாய்ப் பிழைக்க வேண்டுமென்பது அன்னையின் ஆசை. மகனோ டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார். பம்பாய்க்குப் பிழைக்க வந்த கோவாக்காரர்கள் ஊருக்கொரு விடுதி அமைத்துக் குறைந்த வாடகையில் கூடித் தங்கினார்கள். மாதுங்காவின் மெஸ்ஸுகளில் உண்டு வளர்ந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

1945இல் பம்பாய் கிரீன்ஸ் ஹோட்டலில் வாசிக்கும் வாய்ப்புக்குப் பல குழுக்கள் போட்டியிட்டன. சிக்கின் 'மியூசிக் மேக்கர்ஸ்' குழு அதை வென்றது. ஜாஸ் இசையில் அவரை இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அழைத்தனர். எனினும் அக்காலத்து நடன மண்டபங்கள் கேட்டது ரும்பாவையும்தான். இந்த லத்தீன் தாளங்கள் கியூபாவில் பிறந்தவை. ஆப்பிரிக்க அடிமைகளின் கொட்டும் ஸ்பானியரின் பாட்டும் கலந்து உருவானவை. இரண்டு சிறு மரக்கழிகளை ஒன்றோடொன்று தட்டி, இரண்டு ஆவர்த்தத்திற்குள் ஐந்து அடிகளை ஏற்றத்தாழ்வாய் வைப்பார்கள். அந்த ஐந்தடியே மற்றெல்லா வாத்தியங்களையும் கட்டி நிறுத்தும். தாளம் பிசகாமல் கேட்டுப் பழகிய நமக்கு இது அவ்வளவு அயலானதன்று.

ராமச்சந்திரா தமிழ்ப் படங்களில் இசையமைப்பாளராகத் தொடங்கியவர். பின்னாளில், 1958இல், 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் நம் திருவனந்தபுரத்துப் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனத்திற்கு இசையமைத்தவரும் அவரே. அவருக்கு உதவியாளராய் அமைந்தார் சிக். அந்நாளில் மெட்டமைப்போர் பலருக்கு மேனாட்டுக் குறியீடு தெரியாது. அவர்கள் பாடிக்காட்டுவதைக் கோவாக்காரர் தாளில் எழுதி, வயலினுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது என்று பிரித்துக் கொடுப்பர். பாட்டின் உடலெல்லாம் அவர்கள் சமைத்தது. திரையில் எழுத்து ஓடும்போது அவர்களுட் பெரும்பாலோர் பெயர் இராது.

மைய அரசில் மொழிபெயர்ப்பாளராய் உழைக்கும் நமக்கு இவ்விடத்தில் நெஞ்சு சற்றே நின்றுபோகிறது. ஒருவர் சொன்னதை மற்றொரு எழுத்தில் ஏற்றி, அடியில் பெயரின்றி அனுப்புவதே நம் தொழிலும். நமக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு, குறைகூறலாகாது. அவர்களுக்கோ அன்றன்றைய வாசிப்புக்கு அன்றன்று கூலி.

சிக்கைப் பொறுத்தவரை அல்பேலா ஒரு விலக்கு. அதன் நடனக் காட்சியொன்றில் சுருக்குச் சட்டை அணிந்து, கியூபா நாட்டார் போலத் தம் குழுவோடு அவரே தோன்றுகிறார். அவ்வாண்டு வெளிவந்த 'நாதான்' முதலிய சில படங்களுக்குத் தாமே இசையமைத்தும் பார்த்தார். அப்படங்களை இன்று நினைப்பார் அரிது.

கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் அதே 1916இல் பிறந்தவர் பேரேஸ் பிராதோ. அவரும் ஊர்விட்டு மெக்சிகோ சென்றவர். அவரும் குழுத் தலைவர். ஆனால் இசைத்தட்டின் நடுவே அவர் பெயர் அச்சாயிற்று. 'மாம்போ அரசர்' என்று உலகம் கொண்டாடிற்று. 1989இல் மறைந்தார். திறமையில் யார் பெரியவர் என்று நாம் அளக்க வரவில்லை. பெயர் அச்சிட்ட தட்டுக்கும் அச்சிடாத திரைக்கும் உள்ள வேற்றுமை பெரிது என்பதே நம் கருத்து.

ஒன்றையும் மறைக்கலாகாது. 1952ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் அகில இந்திய வானொலியே திரைப்பாட்டுக்குக் கதவைச் சாத்தியது. மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்டனர்; 1957இல் விவித பாரதி வந்த பிறகே கதவு திறந்தது. சிக்கின் ஊதலை நம்மவர் பலர் கடல் கடந்த அலைவரிசையில்தான் கேட்டிருப்பர்.

1967 மே மாதம், ஐம்பத்தோராம் அகவையில், சிக் காலமானார். கிரீன்ஸ் ஹோட்டலையும் பின்னர் இடித்துவிட்டனர். அவ்விடத்தில் இப்போது தாஜ் ஹோட்டலின் அடுக்குக் கோபுரம் நிற்கிறது.

அடுத்த வாரம் சாலைக் கடைக்குச் சென்றபோது பெரியவரிடம் இவற்றைச் சொன்னோம். "சாக்லேட்டா? பெயரே அப்படியா?" என்று சிரித்தார். பிறகு பொட்டலம் மடிக்கும் தாளொன்றைக் கிழித்து, பென்சிலால் 'அந்தோனியோ சேவியர் வாஸ்' என்று எழுதி, வானொலிப் பெட்டியின் அடியில் செருகி வைத்தார்.