திரைப்பட அருங்காட்சியகமும் நம் கடமையும்
(அடி அண்ணாமலையில், நம் சங்க மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



எம் வகுப்பு மாணவரைச் சென்னை வடபழனியிலுள்ள ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்திற்கு அண்மையில் அழைத்துச் சென்றோம். 'தமிழையாவுக்குச் சினிமாவில் என்ன வேலை?' என நம்மவருட் சிலர் வினவினர். அதற்கு விடை கூறுவதே இன்று எம் நோக்கமாகும்.

ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1945இல் தொடங்கிய நிறுவனம், தான் கையாண்ட படப்பிடிப்புக் கருவிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் பேணி, பழைய மோட்டார் வண்டிகளோடு 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல் காட்சிக்கு வைத்துள்ளது. ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுதலால் அசைவு தோன்றுகின்றது என்பதை மாணவர் கருவியருகே நின்று கற்றனர்.

அப்போது ஒரு சிறுவன், 'ஐயா, முதன்முதல் தமிழ் பேசிய படத்தை எங்கே பார்க்கலாம்?' என்றான். 'எங்கும் பார்க்க இயலாது, தம்பி' என்றோம். டி.பி. ராஜலட்சுமி நடித்து 1931 அக்டோபரில் வெளிவந்த 'காளிதாஸ்' படத்திற்கு ஒரு பிரதியேனும் இன்று கிடைத்திலது. அதற்கு முன் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்னும் மௌனப்படமும் மறைந்தது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. வெப்பத்தாற் கெட்டுப் பொடியாவது. அன்றியும், ஓடி முடிந்த படம் பயனற்ற சரக்கென்று கருதப்பட்டது. வெள்ளி பிரித்தெடுப்பதற்காகச் சுருள்களை விற்றோரும் உளர். படங்களைக் காக்கும் அரசாங்க ஆவணக் காப்பகம் புனேயில் அமைந்தது 1964இல்தான்.

இது நமக்குப் புதிய இழப்பன்று. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்கிய நாடு நம் நாடு. உ.வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று சுவடி தேடி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிலரேல், இன்று எம்போல்வார் அதனைக் கற்பிப்பது எங்ஙனம்? ஏட்டைக் குப்பையென்றோம், படத்தை வெறுங் கூத்தென்றோம். இரண்டையும் இழந்த பின்னரே தேடினோம்.

சினிமாவில் தீமையே இல்லையென்று யாம் வாதாடவில்லை. தீயதை விலக்குக. ஆயின், நன்று தீது ஆராய்வதற்கும் பொருள் எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ?

ஆதலின், பரண்மேற் கிடக்கும் சினிமாப் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, ஒலிநாடா, திருமண நிழற்படம் ஆகியவற்றை எடைக்குப் போடாதீர்கள். படத்தின் பின்புறம், அதிலுள்ளார் பெயரையும் ஆண்டையும் முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தால் சொல்வார் இலர். வரும் ஞாயிறு முதல் எம் மாணவர் குறிப்பேட்டோடு உங்கள் இல்லந்தோறும் வருவர். அவர்கட்குப் பழம்பெட்டிகளைத் திறந்து காட்டுமாறு வேண்டி அமைகின்றோம்.